நான்கு பகுதிகளா, ஒரே ஊரா?

கேள்வி: நாங்கள் நான்கு கல்லூரித் தோழிகள். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு முதன்முறையாகச் சேர்ந்து பயணம் போகிறோம். செப்டம்பரில் எட்டு நாட்கள், பிரான்ஸின் கிராமப்புறங்களில் ஒயின் சுவைக்கும் பயணம். போர்தோ, ஷாம்பேன், அல்சாஸ், பர்கண்டி நான்கையும் வாடகைக் காரில் சுற்றிவரத் திட்டமிட்டிருக்கிறோம். மது அருந்தாத தோழி ஒருத்தி, தானே கார் ஓட்டுவதாகச் சொல்கிறாள். இது சரிவருமா?
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த எட்டு நாட்களை நெடுஞ்சாலையில் கழித்துவிடாதீர்கள் என்பதே என் முதல் வேண்டுகோள். போர்தோ தென்மேற்கில், அட்லாண்டிக் பக்கம் இருக்கிறது. அல்சாஸோ ஜெர்மனியின் எல்லையில். இடையே சாலைவழித் தொலைவு 800 கிலோமீட்டருக்கும் மேல். பர்கண்டியை மட்டும் தேர்ந்தெடுத்து, போன் என்னும் சிறுநகரத்தில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துத் தங்குங்கள். பாரிஸிலிருந்து திஜோனுக்கு அதிவேக ரயிலில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து உள்ளூர் ரயிலில் அரை மணிக்குள் போன் நகரத்துக்குப் போய்விடலாம்.

பர்கண்டியைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அங்கே சிவப்பு ஒயினுக்குப் பினோ நுவார், வெள்ளைக்கு ஷார்தொனே எனப் பெரும்பாலும் இரண்டே திராட்சை வகைகள்தாம். ஆனாலும் ஒரே குடும்பம், ஒரே ஆண்டில், ஒரே முறையில் செய்த ஒயின்கூட, சரிவின் மேற்பகுதியில் விளைந்ததா அடிவாரத்தில் விளைந்ததா என்பதற்கேற்பச் சுவை மாறும். ‘கிளிமா’ எனப்படும் இந்தச் சிறு நிலத்துண்டுகளை 2015-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பொம்மாரும் வோல்னேயும் அடுத்தடுத்த கிராமங்கள். முன்னதன் ஒயின் திடமானது என்றும், பின்னதன் ஒயின் மென்மையானது என்றும் சொல்வார்கள். காலையில் ஒன்றையும் மாலையில் மற்றொன்றையும் சுவைத்துவிட்டு, இரவு உணவின்போது நால்வரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பதில்தான் இந்தப் பயணத்தின் இன்பம் இருக்கிறது. நாளுக்கொரு ஊர் மாறினால் அதற்கு நேரமிராது.

மாதத்தையும் மறுபரிசீலனை செய்யுங்கள். செப்டம்பர் பெரும்பாலும் அறுவடைக் காலம் என்பதால், குடும்பமாகத் தொழில் செய்யும் சிறு தோட்டக்காரர்களுக்கு விருந்தினரைக் கவனிக்க நேரமிருக்காது. அக்டோபர் பிற்பகுதியில் அவர்களுக்குச் சற்று ஓய்வு கிடைக்கும்; கொடியின் இலைகளும் பொன்னிறமாகியிருக்கும். எப்போது போனாலும் முன்கூட்டியே எழுதி நேரம் கேட்டுக்கொள்ளுங்கள். நண்பகல் இரண்டு மணி நேரம் அங்கே மதிய உணவுக்கானது.

ஒயினைச் சேமித்து வைத்து, சுவைக்கவும் தரும் நிலவறைகள் ஒரு நாளைக்கு இரண்டு போதும். சுவைப்பதற்கு ஒரு முறை ஊற்றுவது 50 மில்லிலிட்டர் என்று வைத்துக்கொண்டால், எட்டு வகைகளை விழுங்கும்போது அரை பாட்டிலுக்கு மேல் உள்ளே போய்விடும். அதற்காகவே துப்புவதற்கான கலத்தை வைத்திருக்கிறார்கள். கொடுத்ததைத் துப்புவது அவமரியாதை என்று நமக்குத் தோன்றும். அங்கே அதுவே முறை. வாசனைத் திரவியம் பூசிக்கொள்ளாமல் செல்லுங்கள். நிலவறை குளிராக இருக்கும், சால்வை அவசியம்.

உங்கள் தோழியைப் பற்றித்தான் எனக்குக் கவலை. அவராகவே முன்வந்தாலும், நீங்கள் சுவைத்து மகிழ அவர் வண்டி ஓட்டிக் காத்திருப்பது நியாயமாகாது. ஒரு நாள் மட்டும் ஓட்டுநருடன் வண்டி அமர்த்திக்கொள்ளுங்கள். மற்ற நாட்களுக்குப் போன் நகரத்திலிருந்து பொம்மார், வோல்னே, மெர்சோ வழியாகத் தோட்டங்களுக்கிடையே செல்லும் மிதிவண்டிப் பாதை இருக்கிறது. மது அளவுச் சட்டம் மிதிவண்டி ஓட்டுபவருக்கும் பொருந்தும் என்பதை மறவாதீர்கள். உங்கள் தோழிக்கென்றே நேரம் ஒதுக்குங்கள்: ஏழைகளுக்காக 1443-இல் நிக்கோலா ரோலென் நிறுவிய, வண்ண ஓட்டுக்கூரையுடைய மருத்துவமனைக் கட்டடத்தைக் காண ஒரு காலைப்பொழுது, 1840 முதல் இயங்கும் ஃபாலோ கடுகு ஆலையில், கல்லில் அரைக்கும் கடுகு விழுதைச் சுவைக்க ஒரு பிற்பகல். சனிக்கிழமைச் சந்தையில் வாங்க வேண்டியவற்றை அவரே முடிவு செய்யட்டும்.

திரும்பும்போது ஆளுக்கு இரண்டு லிட்டர் வரை ஒயினை இந்தியாவுக்குத் தீர்வையின்றிக் கொண்டுவரலாம். வழக்கமான 750 மில்லிலிட்டர் பாட்டில்கள் இரண்டு அதற்குள் அடங்கும். கைப்பையில் அனுமதியில்லை என்பதால், துணிகளில் நன்றாகச் சுற்றிப் பெரிய பெட்டியின் நடுவில் வையுங்கள்.