அரளி மாலையை மாட்டுக்குப் போடலாமா? கோவில் பூக்கழிவு பற்றி ஒரு கேள்வி

கேள்வி: மதுரை செல்லூரில் எங்கள் தெரு அம்மன் கோவில் கமிட்டியில் இருக்கிறேன். செவ்வாய், வெள்ளியில் ஒவ்வொரு நாளும் 15, 20 கிலோ மாலை கழிகிறது. சாமிக்குச் சாத்தியதைக் குப்பை வண்டியில் போட மனசு வரவில்லை. மாட்டுக்குப் போடலாம் என்கிறார் ஒருவர், ஊதுபத்தி செய்யலாம் என்கிறார் இன்னொருவர். முன்பு ஒருமுறை தொட்டியில் உரம் போட்டு நாற்றம் தாங்காமல் விட்டுவிட்டோம். என்னதான் செய்வது?

பதில்: மாட்டு யோசனையை இன்றோடு விட்டுவிடுங்கள். அம்மன் கோவில் என்றால் செவ்வரளி இல்லாமல் இருக்காது. அரளியில் இலை, பூ, தண்டு எல்லாமே விஷம். காய்ந்தாலும் அந்த விஷம் போகாது. மாலையோடு கொஞ்சம் இலை உள்ளே போனாலே மாட்டின் இதயத்துடிப்பு தாறுமாறாகிவிடும். புண்ணியத்துக்குப் போட்டது பாவத்தில் முடியும். ஆட்டுக்கும் அதே கதைதான்.

ஊதுபத்தி விஷயத்தில் ஒரு சின்ன ஏமாற்றம் இருக்கிறது. மல்லிகையின் வாசம் சாயங்காலம் மொட்டு விரியும்போது பூவுக்குள் உருவாகிக் காற்றில் போய்விடுவது. மறுநாள் வாடிய பூவில் அது மிச்சம் இருக்காது. மல்லிப்பூப் பொடியில் பத்தி உருட்டினால் சருகு எரிகிற வாடைதான் வரும். வாசத்துக்குத் தனியாக எண்ணெய் வாங்கிக் கலக்க வேண்டும். காய்ந்தாலும் மணம் நிற்பது துளசி, மரிக்கொழுந்து, வெட்டிவேர் மூன்றுக்கும்தான். அவற்றை மட்டும் தனியே எடுத்து நிழலில் உலர்த்தி, தணலில் சாம்பிராணியோடு தூவுங்கள். அது போதும்.

மிச்சம் எல்லாம் உரத்துக்குத்தான். உங்கள் தொட்டி நாறியதற்குக் காரணம் ஈரம். பூவில் பெரும்பகுதி தண்ணீர். தனியாகக் குவித்தால் இரண்டு நாளில் கொழகொழவென்று அமுங்கி, காற்று போக வழியில்லாமல் அழுகும். அதற்கு மருந்து சருகு. ஒரு கூடை பூ போட்டால் ஒரு கூடை காய்ந்த சருகு. மாசி, பங்குனியில் வேப்பமரங்கள் இலை கொட்டும்போது தெருவையே கூட்டிச் சாக்கில் கட்டி வைத்துக்கொண்டால் பல மாதத்துக்கு ஆகும். இல்லாவிட்டால் தென்னை நார்க்கழிவு.

அதற்கு முன்னால் நார். வாழைநாரில் தொடுத்த மாலையை அப்படியே துண்டுதுண்டாக வெட்டிப் போடலாம். நைலான் நூல், சரிகை, தெர்மகோல் உருண்டை இருந்தால் பிரித்தே ஆக வேண்டும். முதல் முறை நான் சோம்பல்பட்டு அப்படியே போட்டேன். இரண்டு மாதம் கழித்துக் கிளறினால் மண்வெட்டியில் வலை மாதிரி சுற்றிக்கொண்டு முழுத்தொட்டியும் கூடவே வந்தது! அன்றிலிருந்து, வாழைநார் மாலையாக வாங்கி வாருங்கள் என்று பக்தர்களிடமே சொல்லிவிடுவது என் வழக்கம். ஒரு போர்டு எழுதி மாட்டினால் பாதி வேலை முடிந்தது.

தொட்டி நீளம், அகலம், உயரம் மூன்றும் 3 அடி இருக்கட்டும். அதைவிடச் சின்னதானால் உள்ளே சூடு நிற்காது. செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கினால் காற்றுக்கு ஆயிற்று. இரண்டு தொட்டி வேண்டும். ஒன்று நிறைந்ததும் மூடிவிட்டு மற்றதில் ஆரம்பிக்கலாம். புளித்த மோரோ சாணிக்கரைசலோ அவ்வப்போது தெளியுங்கள். வாரம் ஒரு தடவை கிளறுங்கள். ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் ஓரிரு சொட்டு மட்டும் வர வேண்டும். ஒழுகினால் சருகு சேருங்கள், உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள். நம்ம ஊர் சித்திரை வெயிலுக்கு மேலே ஈரச்சாக்கு கட்டாயம். நடுவில் ஒரு இரும்புக் கம்பியைச் செருகிப் பத்து நிமிடம் கழித்து உருவிப் பாருங்கள். பிடிக்க முடியாமல் சுட்டால் எல்லாம் சரியாகப் போகிறது. விளக்கு எண்ணெய் ஊறிய திரியும் எலுமிச்சை மூடியும் உள்ளே போகக்கூடாது.

சாதாரணப் பூ 45 முதல் 60 நாளில் மண்வாசனை அடிக்கிற கறுப்பு உரமாகும். அரளி சேர்ந்திருப்பதால் நீங்கள் மூன்று மாதம் பொறுங்கள். வெறுமனே காய்வது போலில்லாமல், தொட்டிக்குள் மக்கும்போது அதன் விஷம் பெரும்பாலும் சிதைந்துவிடும். ஆனாலும் கீரைப்பாத்திக்கு வேண்டாம் என்பேன். கோவில் நந்தவனத்துச் செம்பருத்திக்கும் தல விருட்சத்துக்கும் போடுங்கள். சாத்திய பூ மறுபடி சாமிக்கே பூவாகத் திரும்பும். கமிட்டியில் யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள்.

எலுமிச்சை மாலையை மட்டும் தனியாக எடுத்துவிடுங்கள். நறுக்கிய பழம் 3 பங்கு, வெல்லம் 1 பங்கு, தண்ணீர் 10 பங்கு எடுத்து, பிளாஸ்டிக் கேனில் கால்வாசி காலியாக விட்டு மூன்று மாதம் வையுங்கள். முதல் மாதம் தினமும் மூடியைத் தளர்த்திக் காற்றை விட வேண்டும், மறந்தால் கேன் உப்பி வெடிக்கும். வடிகட்டிய தண்ணீரில் பிராகாரத்தைக் கழுவலாம்.

கேந்திப்பூ நிறைய வந்தால் வேக வைத்து மஞ்சள் சாயம் எடுக்கலாம். பருத்தித் துணியைக் கடுக்காய்த் தண்ணீரிலும் படிகாரத்திலும் முதலில் ஊறவைத்தால்தான் பிடிக்கும், அப்போதும் வெயிலில் வெளுக்கும். பிள்ளைகளுக்கு லீவு நாள் விளையாட்டாக இருக்கட்டும், வியாபாரமாக இறங்க வேண்டாம்.