கல்விக்கடன் வட்டி: படிக்கும்போதே கட்டிவிடலாமா?

கேள்வி: கோவையில் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆண்டுக்கு 1 லட்சம் வீதம் 4 லட்சம் கல்விக்கடன், வட்டி 10 சதவீதம். படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துக் கட்டினால் போதும் என்கிறார் வங்கி மேலாளர். வட்டியை இப்போதே கட்டிவிடலாம் என்கிறார் அம்மா. எது சரி?

பதில்: மேலாளர் சொன்னது தவணையைப் பற்றி மட்டும்தான். பணம் கல்லூரிக்குப் போன நாளிலேயே வட்டி ஓடத் தொடங்கிவிட்டது.

முதலில் மானியத்தைப் பாருங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, கல்லூரிக்கு நாக் (NAAC) அல்லது உங்கள் பிரிவுக்கு என்பிஏ (NBA) தரச்சான்றும் இருந்தால், படிப்பு 4 ஆண்டு, அதன்பின் ஓராண்டு என இந்த 5 ஆண்டு வட்டியை மத்திய அரசின் வட்டி மானியத் திட்டத்தில் கேட்கலாம். வருமானச் சான்றைக் கிளையில் கொடுத்ததோடு விட்டுவிடாதீர்கள். மானியம் வரவானதா என்று கடன் ஸ்டேட்மெண்டில் பாருங்கள். படிப்பைப் பாதியில் விட்டால் மானியம் போய்விடும்.

மானியம் இல்லையென்றால் அம்மா சொல்வதைக் கேளுங்கள். இப்போது ஓடுவது தனிவட்டி, அதாவது அசலுக்கு மட்டும் வட்டி. முதல் லட்சத்துக்கு 5 ஆண்டில் 50,000, அடுத்தடுத்த லட்சங்களுக்கு 40,000, 30,000, 20,000, ஆக 1.40 லட்சம். தவணை தொடங்கும் நாளில் இது அசலோடு சேர்ந்துவிடும். அதன்பிறகு 10 ஆண்டுத் தவணை 4 லட்சத்துக்கு 5,286 ரூபாய், 5.40 லட்சத்துக்கு 7,136. மாதம் 1,850 கூடுதல், மொத்தம் 2.22 லட்சம். இன்று விட்ட ஒரு ரூபாய்க்கு பிறகு 1 ரூபாய் 59 காசு கொடுக்கிறீர்கள்.

தனிவட்டி என்பதால், அசலோடு சேரும் நாளுக்கு முன் மொத்தமாகக் கட்டினாலும் கணக்கு ஒன்றுதான். ஆர்.டி. (மாதாமாதம் போடும் தொடர் வைப்பு) போட்டுச் சேர்த்தும் கட்டலாம். ஆனால் மாதாமாதம் வட்டி கட்டுவோருக்குப் பல வங்கிகள் 1 சதவீதம் குறைக்கின்றன, ஆர்.டி. லாபம் அதில் ஏறக்குறைய ஈடாகிவிடும். கையில் சேரும் பணம் எப்படியும் வேறெதற்காவது கரையும், அதனால் மாதாமாதம் கட்டுவதே என் சாய்வு. இதுவரை வாங்கிய 2 லட்சத்துக்கு உங்களுக்கு இப்போது வட்டி மாதம் 1,667 ரூபாய். முடியாவிட்டால் 500. நகையை அடகு வைத்துக் கட்ட வேண்டாம்.

சில தனியார் நிறுவனங்கள் படிக்கும்போதே கூட்டுவட்டி போடும். அனுமதிக் கடிதத்தில் பாருங்கள். பணத்தைச் சேமிப்புக் கணக்கில் போட்டுவிட்டு வட்டி கட்டியாயிற்று என்று இருந்துவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. கடன் கணக்கு எண்ணுக்கே அனுப்புங்கள். தவணை தொடங்கும் தேதியையும் கிளையில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.