ரீஃப் தொட்டியில் (பவளங்கள் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டியில்) விடும் முன் கடற்பாசியை நன்னீரில் முக்கி எடுத்தால் போதாதா? தனியாக வைத்தே ஆக வேண்டுமா?

போதாது. கேள்வியைப் பார்த்தால், ஒரு கொத்து கீட்டோ (கீட்டோமார்ஃபா என்ற இழைப்பாசி) ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது, இன்றே சம்ப்பில் (பெரிய தொட்டியோடு இணைந்த வடிகட்டித் தொட்டியில்) போட்டுவிடலாமா என்று யோசிக்கிறீர்கள் என நினைக்கிறேன். கொஞ்சம் பொறுங்கள்.

நன்னீர் முக்கலில் உதிர்வது பெரும்பாலும் தட்டைப்புழு, ஆம்ஃபிபாட் போன்ற நடமாடும் உயிர்கள்தான். ஐப்டேசியா என்ற தொல்லை தரும் கடற்சாமந்தி சுருங்கிக்கொண்டு தப்பிவிடும். நத்தை முட்டைக்கும் மீன்களைத் தாக்கும் வெள்ளைப்புள்ளி நோய்க் கிருமியின் உறைக்கும் அந்த ஒரு நிமிடம் பொருட்டே இல்லை. கீட்டோ அதைத் தாங்கும். கௌலர்பா என்ற இன்னொரு கடற்பாசி தாங்காது: குறுக்குச் சுவரே இல்லாத ஒற்றைச் செல்தான் அதன் மொத்த உடலும், நன்னீர் பட்டால் கூழாகிவிடும். தாமிர மருந்தை நினைத்தும் பார்க்காதீர்கள், பாசியே செத்துப்போகும்.

என்னைக் கேட்டால், தனிமைப்படுத்துவது என்பதே வளர்த்தெடுப்பதுதான். வாங்கி வந்த பாசியைச் சுத்தம் செய்து முடிக்கவே முடியாது. அதிலிருந்து புதிதாக வளரும் நுனிகளை மட்டும் எடுத்துக்கொண்டு பழையதைக் கழித்துவிட வேண்டும்.

முதல் நாள், பையில் வந்த தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். அதே உப்பளவுள்ள புதுக் கடல்நீரில் பாசியை உலுக்கி, தண்ணீரை இரண்டு மூன்று முறை மாற்றுங்கள். பிறகு வெள்ளைத் தட்டில் போட்டு இழை இழையாகப் பிரித்துப் பாருங்கள். ஐப்டேசியா தெரிந்தால் கிள்ளவோ நசுக்கவோ வேண்டாம், அடிப்பாகத்தின் ஒரு துணுக்கு மிஞ்சினாலும் மறுபடி முளைக்கும். இருபுறமும் 2 செ.மீ. விட்டு அந்த இழையையே வெட்டி எறியுங்கள். இறகு போன்ற பிரயாப்சிஸ் என்ற களைப்பாசி பின்னியிருந்தால் கொத்தையே கைவிடுவது நல்லது.

தொட்டிக்கு 20 முதல் 40 லிட்டர் போதும். மணல், பாறை எதுவும் வேண்டாம். அடியில் வெள்ளைத்தாள் விரித்தால் ஊர்வதெல்லாம் கண்ணில் படும். 25 முதல் 26 டிகிரி செல்சியஸ், ஒப்படர்த்தி 1.025, பாசி புரளும் அளவுக்கு நீரோட்டம், 6500 கெல்வின் விளக்கு 12 மணி நேரம். பலர் கோட்டை விடுவது உரத்தில். மீன் இல்லாத தொட்டியில் நைட்ரேட் சீக்கிரமே பூஜ்யமாகிவிடும். பாசி வெளுத்து உருகும், உடனே தனிமைத் தொட்டி மேல் பழி விழும். நைட்ரேட்டை 5 முதல் 10 பிபிஎம், பாஸ்பேட்டை 0.05 முதல் 0.1 பிபிஎம் வரை இருக்கும்படி உரக் கரைசலாக ஊற்றி வாருங்கள். வாரம் 20 சதவீதத் தண்ணீர் மாற்றினால் இரும்பு முதலான நுண்சத்துகளும் ஓரளவு ஈடாகும். கௌலர்பா என்றால் கூடுதல் கவனம் தேவை. சத்துக் குறைந்து சோர்ந்தால் இனப்பெருக்கத்தில் இறங்கி, உள்ளிருப்பதையெல்லாம் வெளியே விட்டு நீரைக் கலக்கிவிடும். ஆக்சிஜனும் இறங்கும்.

விளக்கணைந்து ஒரு மணி நேரம் கழித்து டார்ச் அடித்துப் பாருங்கள், பகலில் ஒளிந்தவை அப்போதுதான் வெளியே வரும்.

எத்தனை நாள்? ஐப்டேசியா, தட்டைப்புழு மட்டும்தான் கவலை என்றால் 4 முதல் 6 வாரம். மீனுள்ள தொட்டிக்குப் போகிறது என்றால் 76 நாள். வெள்ளைப்புள்ளிக் கிருமியின் உறை பொதுவாக நான்கு வாரத்துக்குள் வெடிக்கும், ஆனால் 72 நாள் வரை நீடித்ததும் பதிவாகியிருக்கிறது. இது அதிகப்படி என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். பாசியோடு வரும் கோபிபாட் (மீன்கள் தின்னும் பொடி உயிர்கள்) வீணாகும் என்றும் சொல்வார்கள். வீணாகாது, மீனில்லாத தொட்டியில் அவை நன்றாகவே பெருகும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் காட்டும் அலட்சியம் எனக்குப் பொறுக்கவில்லை. கழித்த பாசியைக் கடலிலோ சாக்கடையிலோ போடாதீர்கள். 1984இல் மொனாக்கோ கரையோரம் சிறு திட்டாகத் தெரிந்த கௌலர்பா டாக்ஸிஃபோலியா மத்தியதரைக் கடலில் பல நாட்டுக் கரையோரங்களுக்குப் பரவியது. கலிஃபோர்னியாவில் 2000இல் கண்டுபிடித்ததை ஒழித்து முடிக்க 2006 ஆயிற்று, அதுவும் தார்ப்பாய் போட்டு மூடி உள்ளே குளோரின் செலுத்தி. ஒரு துணுக்கிலிருந்தே முளைக்கும் செடி இது. பையில் கட்டி ஓரிரு நாள் ஃப்ரீசரில் உறையவைத்த பிறகே குப்பையில் போடுங்கள். கழுவிய தண்ணீரில் பிளீச் ஊற்றி ஒரு நாள் வைத்துவிட்டுக் கொட்டுங்கள்.