கார் எஞ்சினில் பறக்கலாமா? சிறு விமானத்தைத் தாங்களே கட்டும் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: பீட்டில் காரின் 1600 சிசி எஞ்சினில் 80 குதிரைத்திறன் எடுக்க முடியுமா?

முடியாது. 50 வரும், அதற்கு மேல் கொஞ்சம் வரலாம். 80 என்பது 2180 சிசிக்குப் பெரிதாக்கிய எஞ்சினின் கணக்கு, அதுவும் 3,400 ஆர்.பி.எம்.மில் (நிமிடத்துக்கு அத்தனை சுற்று).

கேள்வி: என்னுடைய கார் எஞ்சின் 5,500 ஆர்.பி.எம்.மில் 100 குதிரைத்திறன் தருகிறது. புரொப்பல்லரை நேராகவே மாட்டிவிடலாமா?

5 அடி புரொப்பல்லர் அந்த வேகத்தில் சுற்றினால் நுனி நொடிக்கு 440 மீட்டர் போகும். ஒலியின் வேகமே 340தான். சத்தம் வரும், இழுவிசை வராது. உங்களுக்கு ரிடக்‌ஷன் கியர்பாக்ஸ் வேண்டும், அதாவது எஞ்சினின் சுற்று வேகத்தைப் புரொப்பல்லருக்குக் குறைத்துத் தருவது. அதையும் ரேடியேட்டர், தண்ணீரோடு சேர்த்துத் தராசில் வையுங்கள், எடை கூடும்.

கேள்வி: சுபாரு ஈஜே22 எஞ்சினுக்கு லேத்தில் நானே பெல்ட் ரிடக்‌ஷன் செய்யப்போகிறேன். விகிதம் 2:1. வேறு என்ன கணக்கு இருக்கிறது?

விகிதத்தைப் பள்ளிக்கூடப் பையனும் போடுவான். முறுக்கு அதிர்வைக் கணக்கிட்டீர்களா? நாலு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை எரிகிறது. அதனால் கிராங்க் (எஞ்சினின் முதன்மைத் தண்டு) சீராகச் சுற்றுவதில்லை, உதறி உதறித்தான் சுற்றுகிறது. காரில் கனமான ஃப்ளைவீலும் (கிராங்கோடு சுற்றும் சக்கரம்) கிளட்ச் ஸ்பிரிங்குகளும் அந்த உதறலை வாங்கிக்கொள்ளும். நீங்களோ எடை குறைக்க ஃப்ளைவீலைக் கழற்றிவிட்டு, மறுபக்கம் பெரிய புரொப்பல்லரைத் தொங்கவிடுகிறீர்கள். நடுவில் உள்ள ஷாஃப்ட்டும் பெல்ட்டும் முறுக்கி முறுக்கி விரியும். அதற்கென்று ஓர் இயல்பான அதிர்வெண் உண்டு. எரிப்பின் துடிப்பு அதோடு ஒத்துப்போகும் ஆர்.பி.எம்.மில், ஷாஃப்ட்டில் வரும் முறுக்கு எஞ்சினின் சராசரியைவிடப் பல மடங்கு ஏறிவிடும். பல் உடையும், ஷாஃப்ட் விரிசல் விடும்.

இப்படி ஒரு கடிதம் வராத மாதமில்லை. பளபளவென்று கடைந்த கியர்பாக்ஸின் படம் இருக்கும், கணக்குத் தாள் இருக்காது. "10 மணி நேரம் ஓட்டினேன், ஒன்றும் ஆகவில்லை" என்பது சோதனையே இல்லை. உலோகக் களைப்பு வெளியே தெரியாமல்தான் வளரும். சிறு விமானங்களுக்கென்றே செய்யப்படும் ரோட்டாக்ஸ் 912 எஞ்சின் தொழிற்சாலையிலேயே கியர்பாக்ஸோடு வருகிறது. அதைக்கூட 1,400 ஆர்.பி.எம்.முக்குக் கீழே ஐடிலில் ஓட்டாதே என்கிறார்கள். ஏன் என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் எஞ்சினோடும் உங்கள் புரொப்பல்லரோடும் பல நூறு மணி நேரம் பறந்த ரிடக்‌ஷனை விலைக்கு வாங்குங்கள். புரொப்பல்லரை மட்டும் மாற்றினாலும் அதன் நிலைமம் மாறிவிடும், அப்புறம் பழைய கணக்கு செல்லாது.

கேள்வி: எஞ்சின் சூடாகிறது. என்ன செய்ய?

எந்த எஞ்சின்? எங்கே அளந்தீர்கள்? தரையிலா, ஏறும்போதா? இதெல்லாம் இல்லாமல் எனக்கு எழுதாதீர்கள். தண்ணீர் குளிரூட்டல் என்றால் முதலில் ரேடியேட்டருக்குப் பின்னால் காற்று வெளியேறும் வழியைப் பாருங்கள். பெரும்பாலும் அது சிறியதாக இருக்கும். பெரிய ரேடியேட்டர் மாட்டுவது அதற்கு அப்புறம்தான். மாட்டினால் மறுபடி தராசு.

கேள்வி: ஷெவ்ரலே கார்வேர் (Corvair) காரின் எஞ்சினில் கிராங்க் உடைகிறது என்கிறார்களே?

உடைந்திருக்கின்றன. புரொப்பல்லரின் வளைவு விசைக்காகச் செய்த கிராங்க் அல்ல அது. புரொப்பல்லர் பக்கம் ஐந்தாவது பியரிங் போட்டுப் பறங்கள்.

கேள்வி: காரில் ஒரே ஈசியூ (எஞ்சினை இயக்கும் கணினி), ஒரே பேட்டரிதானே? விமானத்துக்குப் போதாதா?

போதாது. மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் போனாலும், தானே தீப்பொறி உண்டாக்கும் மாக்னெட்டோ உள்ள எஞ்சின் ஓடும், உங்களுடையது பேட்டரி தீரும்வரைதான். இரண்டு பேட்டரி, இரண்டு ஃப்யூல் பம்ப், தனித்தனி சுவிட்ச்.

கேள்வி: 20 டிகிரி வெயிலில் கார்புரேட்டரில் ஐஸ் பிடிக்குமா?

காற்றில் ஈரம் இருந்தால் பிடிக்கும். கார்ப் ஹீட் (கார்புரேட்டருக்குச் சூடான காற்று தரும் அமைப்பு) இல்லாமல் பறக்காதீர்கள்.

கேள்வி: அமெரிக்காவில் சோதனைப் பறப்பு எத்தனை மணி? தம்பியைக் கூட ஏற்றலாமா?

சான்று பெற்ற எஞ்சின்-புரொப்பல்லர் ஜோடிக்கு வழக்கமாக 25, கார் எஞ்சினுக்கு 40. அந்த 40 மணியில் பயணி யாரும் கூடாது. தம்பியும் பயணிதான்.