தீபாவளி விடிகாலையில் அப்பா எங்கே போவார்?

மேடம், வணக்கம். எனக்கு ஊர் வேலூர்ப் பக்கம். வீட்டுக்கு ஒரு பட்டாளத்துக்காரர் இருக்கிற கிராமம். அப்பா மிலிட்டரியில் நாயக்காக இருந்தவர். 1987 முதல் 89 வரை, இந்தியா இலங்கைக்கு அனுப்பிய அமைதிப்படையில் யாழ்ப்பாணத்தில் இருந்தார். தமிழ் தெரிந்தவர் என்பதால் விசாரணைக்கெல்லாம் அவரைத்தான் கூட்டிப் போவார்களாம். இது அம்மா சொன்னது. அப்பா எதுவுமே சொன்னதில்லை. ஒரே ஒரு முறை, போதையில் திண்ணையில் உட்கார்ந்து, "தண்ணி கேட்டதும் தமிழ்லதான், திட்டுனதும் தமிழ்லதான்" என்றார். அவ்வளவுதான்.

தீபாவளி வந்தால் விடிவதற்குள் டிரான்சிஸ்டரை எடுத்துக்கொண்டு மோட்டார் கொட்டகைக்குப் போய்விடுவார். எண்ணெய்க் குளியல் கிடையாது, புதுத்துணி கிடையாது. அம்மா தூக்குச்சட்டியில் சோறு கொண்டு போய்க் கொடுப்பார். இரவுதான் திரும்புவார். பட்டாசுச் சத்தம் அவருக்கு ஆகாது என்று எங்களுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். ஆனால் மாரியம்மன் திருவிழா வாணவேடிக்கையில் என்னைத் தோளில் உட்கார வைத்துக் காட்டியதும் அவரேதான்.

நான் 2009இல் காலேஜ் இரண்டாம் வருஷம். ஈழத்துக்காக வாசலில் உண்ணாவிரதம் இருந்தோம். அன்று இரவு சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பாவிடம், "நீங்க அங்க போய் என்னதான் பண்ணீங்க?" என்று கத்தினேன். தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து போனார். மறுநாள் காலை வழக்கம்போல டிவிஎஸ் ஃபிப்டியில் பஸ் ஸ்டாண்டில் கொண்டுவிட்டார். அப்புறம் அந்தப் பேச்சே வரவில்லை.

போன ஆடியில் இறந்துவிட்டார். இப்போது முதல் வருஷத் திதி வருகிறது. 'ஈழப் போர்முனை கண்ட மாவீரன்' என்று யூனிஃபார்ம் போட்டோவோடு ஃப்ளெக்ஸ் வைக்கப் போவதாகத் தம்பி சொல்கிறான். எனக்குக் கூசுகிறது. பெற்ற அப்பாவை நினைத்துக் கூசுகிறதே என்று இன்னும் கூசுகிறது. மூன்று வாரமாகச் சரியாகத் தூக்கம் இல்லை. அவரை நான் எப்படி நினைத்துக்கொள்வது?

பெயர் வேண்டாம்.

சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் ஒரு வரியை நீங்களே கவனிக்காமல் எழுதியிருக்கிறீர்கள். வாணவேடிக்கையை நின்று பார்த்தவருக்கு வெடிச்சத்தம் ஆகாது என்பது பொருந்தவில்லை. அவருக்கு ஆகாதது சத்தம் இல்லை, அந்த நாள்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

1987 அக்டோபரில் விடுதலைப் புலிகளிடமிருந்து யாழ்ப்பாணத்தைப் பிடிக்க அமைதிப்படை சண்டை போட்டது. அந்த வருடம் தீபாவளி அக்டோபர் 21. அன்றுதான் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் இந்தியப் படையினர் நுழைந்து சுட்டதில் நோயாளிகளும் டாக்டர்களும் நர்ஸ்களும் கொல்லப்பட்டார்கள். உங்கள் அப்பா அங்கே இருந்தார் என்று நான் சொல்லவே இல்லை. ஊரின் வேறு மூலையில் இருந்திருக்கலாம். நண்பன் ஒருவனை அன்று பறிகொடுத்திருக்கலாம். பிறகு யாரோ சொல்லக் கேட்டு மொழிபெயர்த்திருக்கலாம். நமக்குத் தெரியாது. தெரியாத இடத்தில் நீங்கள் இரவெல்லாம் ஒரு காட்சியை ஓட்டிப் பார்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தூக்கம் போனது அதனால்தான்.

வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்களோடு பல வருடம் பேசிய அமெரிக்க மனநல மருத்துவர் ஜோனதன் ஷே, இந்த மாதிரிக் காயத்துக்கு ஒரு பெயர் வைத்தார். தமிழில் அறக்காயம் என்று சொல்லலாம். பயத்தால் வரும் நடுக்கம் வேறு, இது வேறு. தான் சரி என்று நம்பியதற்கு மாறாக ஒன்றைச் செய்தோ, தடுக்க முடியாமல் பார்த்தோ வந்தவருக்கு உள்ளே ஆறாமல் இருப்பது. இறந்துபோனவருக்குக் கடிதத்தை வைத்து நோய்க்குப் பெயர் சொல்வது தப்பு, அதைச் செய்ய மாட்டேன். ஆனால் தன் மொழியிலேயே கெஞ்சுகிறவர்களிடம் விசாரணைக்குப் போய் நின்ற ஒரு தமிழர், வருஷத்துக்கு ஒரு நாள் பண்டிகையை விட்டுத் தனியே போய் உட்கார்ந்தார் என்றால், அதை வெறும் மௌனம் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

2009இல் நீங்கள் கேட்ட கேள்வி தப்பில்லை. கேட்ட விதம் அவரைச் சுட்டிருக்கும், அதை மறைத்துச் சமாதானம் சொல்ல மாட்டேன். அவர் மன்னித்தாரா என்று எனக்கு எப்படித் தெரியும்? மறுநாள் வண்டியை எடுத்தார் என்பது மட்டும் தெரியும்.

தம்பி விஷயம். அவர் மேல் கோபப்படாதீர்கள். 1990 மார்ச்சில் கடைசிப் படை சென்னையில் வந்திறங்கியபோது அன்றைய முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அங்கே உயிரைவிட்ட சுமார் 1,200 பேருக்குக் கொழும்புப் பக்கம் நினைவிடம் எழும்பவே ஏறக்குறைய இருபது வருடம் ஆனது. உயிரோடு திரும்பியவருக்கு அதுவும் இல்லை. அப்பாவுக்கு யாரும் கொடுக்காததைத் தம்பி ஃப்ளெக்ஸில் கொடுக்கப் பார்க்கிறார். போட்டோ இருக்கட்டும். பெயர், பதவி, வேலை பார்த்த வருடங்கள் போதும், அந்த மாவீரன் வரி வேண்டாம் என்று கேட்டுப் பாருங்கள். 'அப்பா இதைப் பார்த்தா என்ன சொல்லியிருப்பார்?' என்று ஒரு வார்த்தை போதும். தம்பிக்கும் அந்த மோட்டார் கொட்டகை ஞாபகம் இருக்கும்.

தூக்கம் திரும்பாவிட்டால் பக்கத்தில் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள், அல்லது 14416க்குப் பேசுங்கள். டெலி மானஸ், இலவசம், தமிழிலேயே பேசலாம்.

இன்னொன்று. சாவுக்கு வந்திருந்த அப்பாவின் பட்டாளத்து நண்பர்கள் யாராவது பக்கத்து ஊர்களில் இருப்பார்கள். திதி முடிந்ததும் ஒருவரைப் போய்ப் பாருங்கள். எடுத்ததுமே யாரைச் சுட்டீர்கள் என்று கேட்காதீர்கள். கப்பலில் போனீர்களா விமானத்திலா, சாப்பாடு எப்படி, அப்பா அங்கே யாரோடு சேர்ந்து இருப்பார் என்று கேளுங்கள். பேசினால் பேசட்டும். பேசாவிட்டால் காப்பி குடித்துவிட்டு வாருங்கள். அம்மாவையும் கூட்டிப் போங்கள். அத்தனை தீபாவளிக்கும் தூக்குச்சட்டியோடு நடந்தவர் அவர். அவருக்கும் கேட்க ஏதாவது இருக்கும்.