வீடியோ கலை படித்தால் கல்லூரி ஆசிரியர் ஆகலாமா?

அம்மா, "கல்யாண வீடியோ எடுக்கவா நாலு வருசம் படிக்கணும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் மகள் விரும்புவது அது இல்லை. காட்சிக்கூடத்துச் சுவரில் ஓடும் வீடியோ. அதை விற்று மட்டும் வீடு நடத்துவது கடினம். கலைக் கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டே படைப்பவர்கள் பலர். அதனால் ஆசிரியர் தகுதியை இப்போதே கணக்கில் வையுங்கள்.

'வீடியோ' என்ற பெயரிலேயே பட்டம் தேடி அலைய வேண்டாம். நீங்கள் இருக்கும் ராயபுரத்துக்குப் பக்கத்திலேயே, சென்னை எழும்பூரில், 1850-ல் தொடங்கிய அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது. பி.எஃப்.ஏ. என்ற கவின் கலை இளங்கலைப் பட்டம் நான்கு ஆண்டு, நுழைவுத் தேர்வில் கேமரா உதவாது, கையால் வரையத் தெரிய வேண்டும். பிறகு முதுகலையான எம்.எஃப்.ஏ. இரண்டு ஆண்டு.

பலர் சறுக்குவது அதற்கப்புறம்தான். உதவிப் பேராசிரியர் பணிக்கு முதுகலையில் 55 சதவீதமும், நெட் (தேசிய அளவு) அல்லது செட் (மாநில அளவு) என்ற தகுதித் தேர்வில் தேர்ச்சியும் கேட்பார்கள். பட்டியல், பழங்குடி வகுப்பினருக்கும், வசதி வரம்பைத் (கிரீமி லேயர்) தாண்டாத பிற்பட்ட வகுப்பினருக்கும் மதிப்பெண்ணில் 5 சதவீதம் சலுகை உண்டு. நெட்டில் 150 கேள்வி, 3 மணி நேரம், தவறான விடைக்கு மதிப்பெண் குறையாது. படப்பிடிப்பிலேயே மூழ்கிக் கலை வரலாற்றைத் தொடாமல் விட்டவர்கள் இங்கே மாட்டிக்கொள்கிறார்கள். எம்.எஃப்.ஏ. கடைசி ஆண்டிலேயே எழுதலாம், தள்ளிப்போட வேண்டாம். மணிக்கணக்குச் சம்பளத்தில் சேர்ந்தால் விடுமுறை மாதங்களில் பணம் வராது, அதையும் மனதில் வையுங்கள்.

இப்போது கேமரா வாங்கித் தராதீர்கள். போன் போதும், ஒரு டிரைபாடும், பஞ்சுறை போட்ட வெளி மைக்கும் வாங்குங்கள். காசிமேட்டில் கடற்காற்று மைக்கில் மோதிப் படபடக்கும் சத்தத்தை எடிட்டிங்கில் முழுசாக எடுக்க முடியாது. ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் (படத்தின் வெளிச்ச அளவு) பூட்டிவிட்டு எடுக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் இருட்டான ஏதாவது குறுக்கே வரும்போது படம் குப்பென்று வெளுக்கும், வீடியோ திரும்பத் திரும்ப ஓடும்போது அந்த இடமே கண்ணை உறுத்தும். டியூப்லைட் வெளிச்சத்தில் படத்தில் பட்டை பட்டையாக ஓடினால் ஷட்டர் வேகத்தை 1/50 நொடி ஆக்கணும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக் வைத்த விளக்கு நொடிக்கு 100 தடவை மினுக்கும், 1/50 நொடியில் சரியாக இரண்டு மினுக்கல் அடங்கிவிடும்.

வீடியோ கேட்கும் விண்ணப்பத்துக்கு மூன்று படைப்பு போதும், ஒவ்வொன்றிலும் இரண்டு நிமிடத் துண்டு. இணைப்பு வேறொருவர் போனில் திறக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்பட்டும். மூலக் கோப்புக்கு மூன்று பிரதி வேண்டும். அதில் ஒன்று சொந்தக்காரர் வீட்டில் இருக்கட்டும், மழைத் தண்ணீர் உங்கள் வீட்டுக்குள் வந்தாலும் படைப்பு மிஞ்சும்.

சலுகைக்குத் தேவைப்படும் சாதிச் சான்றிதழை மட்டும் இந்த மாதமே எடுத்து வைத்துவிடுங்கள்.