கிறிஸ்தவ இறையியலாளர்களில் நீங்கள் மிகவும் மதிப்பவர் யார், ஏன்?

அகஸ்டின், அக்குவினாஸ், லூத்தர் என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். மூவருமே மலைகள், மறுப்பதற்கில்லை. ஆனால் வடசென்னைக்காரனான நான் யோஹான் பிலிப் பெப்ரீஷியஸைச் சொல்வேன். புரசைவாக்கத்தில் அவர் பெயரில் பள்ளிக்கூடம் இருக்கிறது. பெயர் எல்லாருக்கும் தெரியும். ஆள் யார் என்று கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள்.

1711இல் ஜெர்மனியில் பிறந்த மிஷனரி அவர். 1740இல் தரங்கம்பாடிக்கு வந்து, 1742இல் சென்னைக்கு மாறினார். 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்ததும் டச்சுக்காரர் வசமிருந்த பழவேற்காட்டில் போய் ஒதுங்கினார். ஊர் திரும்ப ஆங்கிலேயர் கைக்கு வந்தபின் அவர் மிஷனுக்கு வேப்பேரியில் ஒரு கோயில் கிடைத்தது. கோஜா பெத்ரூஸ் உஸ்கான் என்ற ஆர்மேனிய வணிகர் கத்தோலிக்கருக்காகக் கட்டியது அது. கப்பூச்சின் என்ற கத்தோலிக்கத் துறவிகளிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி பறித்துக் கொடுத்தது. என்னைக் கேட்டால் அது நியாயமே இல்லை.

அச்சுக்கூடம் வந்த கதையும் அப்படித்தான். 1761இல் பாண்டிச்சேரி விழுந்தபோது ஆங்கிலேயப் படை அங்கிருந்த அச்சு இயந்திரத்தைத் தூக்கி வந்தது. கம்பெனிக்கு வேண்டியதை அச்சடித்துத் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு அது வேப்பேரிக்கு வந்தது. போரில் கொள்ளையடித்த இயந்திரத்தில்தான் சுவிசேஷம் அச்சானது! அவர் தமிழில் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1772இல், தமிழ்-ஆங்கில அகராதி 1779இல். அந்த அகராதியைப் பின்னால் வந்தவர்கள் விரித்து எழுதினார்கள். பெப்ரீஷியஸ் பெயரோடு அது இன்றும் இணையத்தில் கிடைக்கிறது. பழைய சொல் ஏதாவது தட்டுப்பட்டால் நானே அதில்தான் தேடுவேன். பழைய ஏற்பாடு முழுதும் அச்சேறி முடிந்தது 1796இல். அதற்கு 5 வருஷம் முன்பே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

சரி, இவர் எப்படி இறையியலாளர்? புதுக் கோட்பாடு எதையும் அவர் சொல்லவில்லை. லூத்தர் வழிவந்த பக்தியைத் தமிழில் பாட வைத்தார், அவ்வளவுதான். ஆனால் அந்த 'அவ்வளவுதான்' என்னைப் பொறுத்தவரை பெரிய காரியம். எங்கள் ஆயாவுக்கு எழுத்துக்கூட்டிக்கூடப் படிக்கத் தெரியாது. கிருபை, பாவமன்னிப்பு, சிலுவை பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் பாட்டு வழியாகத்தான். ஜெர்மன் ஞானப்பாட்டுகளைத் தமிழுக்குக் கொண்டுவந்ததில் பெப்ரீஷியஸுக்குப் பெரிய பங்கு உண்டு. மாலையில் மீன் ஆய்ந்துகொண்டே ஆயா பாடுவார். ஒரு சரணம் மறந்துபோனால் கத்தியைக் கீழே வைத்துவிட்டு யோசிப்பார், அடுத்த அடி வரும்வரை மீனைத் தொடமாட்டார். அக்குவினாஸின் வாதங்களை அந்த வாசற்படிக்கு யாராலும் கொண்டுவந்திருக்க முடியாது.

பணவிஷயத்தில் மட்டும் மனிதர் மகா வெகுளி. பிறர் நம்பி ஒப்படைத்த பணத்தைக் கடனாகக் கொடுத்தார், வாங்கியவர்கள் திருப்பித் தரவில்லை. பணம் போட்டவர்கள் விடுவார்களா? முதிர்ந்த வயதில் கடனுக்காகச் சிறையில் கிடந்தார். மிஷன் பொறுப்பு கெரிக்கே என்பவரிடம் போனது. போதகர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தப் பகுதியைப் பெரும்பாலும் ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. பாதிக்கப்பட்டவர்களில் ஏழைகளும் இருந்திருக்கலாம், அவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறதே. அதையும் தெரிந்துகொண்டுதான் என் பதில் பெப்ரீஷியஸ் என்கிறேன்.